பெயர் இருந்தது, தேடல்தான் இல்லை என்றது



இது கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் முக்கால் மணி நேரம் என் பேச்சைப் பொறுத்துக்கொண்டவர்கள் நீங்கள், இதையும் பொறுத்துக்கொள்வீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். கடைசியில் உங்களிடம் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது.

போன மாதம் ஒரு நாள் சாயங்காலம் ஒரு போன் வந்தது. "சார், நான் தொண்ணூத்தி ஒண்ணுல உங்ககிட்ட எட்டாவது படிச்சேன். நம்ம ஆப்புல என் பேரு வரல சார். என் பொண்ணு பக்கத்துல உக்காந்து தேடிப் பாத்தா. இல்லன்னு வருது" என்றார். தன் பெயரை வெளியே எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால், அதே எழுத்தில் தொடங்கும் கௌசல்யா என்ற பெயரை இங்கே வைத்துக்கொள்கிறேன்.

எந்தச் செயலி என்று உறவினர்களுக்குத் தெரியாது. நான் வேலையில் இருந்த காலம் முழுக்க ஒவ்வொரு ஆண்டும் என் வகுப்புப் பிள்ளைகளின் பெயர், ஊர், சேர்ந்த ஆண்டு, ஒரு வரிக் குறிப்பு இவற்றை என் சொந்த நோட்டில் எழுதி வைப்பேன். பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கும் நம் பழைய மாணவன் ஒருவன் அந்த நோட்டுகளை ஒரு சின்னச் செயலியாகச் செய்து கொடுத்தான். பெயரைத் தட்டினால் நீங்கள் படித்த ஆண்டும் உங்களைப் பற்றிய என் குறிப்பும் வரும். கூடவே நான் எழுதிய ஊர்க் குறிப்புகளும் உண்டு: செய்யாறு, ஏரி, கோயில், வயல்களின் பெயர், ஏரியில் கிடைக்கும் மீன்வகை என்று.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நானும் என் போனில் அந்தப் பெயரைத் தேடினேன். "இல்லை" என்றே வந்தது. உடனே அவரிடம், "அந்த வருஷத்து நோட்டுல சில பக்கம் மழையில நனைஞ்சு போச்சும்மா. அதுல போயிருக்கும்" என்று சொல்லிவிட்டேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "பரவால்ல சார். நான் எட்டாவதோட நின்னுட்டேன். பள்ளிக்கூடம் போனதுக்கு வீட்ல ஒரு காயிதமும் இல்ல. அதான் பொண்ணுகிட்ட காட்டலாம்னு பாத்தேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஆதாரத்தைப் பார்க்காமல் முடிவு சொல்லாதே என்று பிள்ளைகளுக்கு முப்பது வருஷத்துக்கும் மேல் வரலாறு நடத்தியவன் நான். அன்று நானே பார்க்காமல் சொல்லியிருந்தேன்.

மறுநாள் காலை நோட்டை எடுத்துப் பார்த்தேன். பக்கம் நனையவே இல்லை. என் கையெழுத்தில் அவர் பெயர் இருந்தது. "வரைபடம் அழகாகப் போடுவாள்" என்ற குறிப்பும் இருந்தது. செயலியில் தேடாமல், 1991 வகுப்பின் பட்டியலைத் திறந்து விரலால் தள்ளிக்கொண்டே போனேன். அங்கேயும் அதே பெயர் இருந்தது. கண்ணுக்குத் தெரிகிற பெயரைத் தேடினால் மட்டும் இல்லை என்கிறது.

பெங்களூர் மாணவனுக்குப் போன் போட்டேன். முதலில் அவன் எல்லோரும் சொல்வதையே சொன்னான். செயலியை அழித்துவிட்டு மறுபடி ஏற்றச் சொன்னான், நெட் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னான். எதிலும் மாற்றமில்லை. பிறகு, "சார், பேரோட கடைசிப் பகுதியை மட்டும் அடிங்க" என்றான். "சல்யா" என்று அடித்தேன். கௌசல்யா வந்து நின்றார்! "இப்ப பட்டியல்ல இருக்கிற பேரை அப்படியே நகல் எடுத்துத் தேடுற இடத்துல ஒட்டுங்க" என்றான். அப்போதும் வந்தது. நான் கையால் முழுப் பெயரை அடித்தால் மட்டும் வரவில்லை.

"அப்ப உங்க பேர்ல இருக்கிற முதல் எழுத்தும் நீங்க அடிக்கிற முதல் எழுத்தும் வேற வேற சார். பாக்க ஒண்ணு மாதிரி இருக்கு, அவ்வளவுதான்" என்றான். இரண்டிலும் எத்தனை குறியீடுகள் இருக்கின்றன என்று கணினியிடம் எண்ணச் சொன்னான். நான் அடித்ததில் ஏழு, பட்டியலில் இருந்ததில் எட்டு.

அந்த எட்டாவது குறியீடு எங்கிருந்து வந்தது? இதற்கான பதில் செயலியில் இல்லை, நம் எழுத்தின் வரலாற்றில் இருக்கிறது.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப் போவேனே, ஞாபகம் இருக்கிறதா? முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகள் அவை. 30 குடும்புகள், குடும்புக்கு ஒரு கட்டு ஓலை, தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒன்றும் அறியாத சிறு பிள்ளையை விட்டு எடுக்கச் சொன்னார்கள். பெயர் ஓலையில் இருந்தால்தான் குடத்துக்குள் இடம். ஒரு பெயர் எழுத்தில் இருப்பதற்கு அன்றே அவ்வளவு மதிப்பு.

அந்தக் கல்வெட்டின் முன்னால் நின்று நீங்கள் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுண்டு: "சார், இதுல புள்ளியே இல்லையே, எப்படிப் படிக்கிறது?" உண்மைதான். பழைய கல்வெட்டுகளிலும் ஓலைகளிலும் பெரும்பாலும் மெய்க்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். எகரம் குறிலா நெடிலா என்று எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஓலையில் துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவம். கூரிய எழுத்தாணியால் புள்ளி வைத்தால் ஓலை ஓட்டையாகிவிடும் என்பார்கள். படிக்கிறவர்தான் இடம் பார்த்து, பொருள் பார்த்து, இது கால், இது ரகரம் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரே உருவம் இரண்டு எழுத்தைக் குறித்த காலம் அது.

இந்தக் குழப்பத்தில் ஒரு பகுதியைத் தீர்த்தவர் வீரமாமுனிவர். ஏகார ஓகாரத்துக்குத் தனி வடிவம் தந்தவர் என்று அவரைப் பற்றிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். தேடலுக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. அவருக்கு முன் நம்மிடம் இருந்தவை நிகண்டுகள். தேவர் பெயர், மக்கள் பெயர், மரப்பெயர் என்று வகை பிரித்துச் செய்யுளாக இருக்கும். மனப்பாடம் செய்தவருக்குத்தான் பயன்படும். 1732-ல் வீரமாமுனிவர் சதுரகராதியில் சொற்களை அகர வரிசையில் அடுக்கினார். எழுத்து வரிசை தெரிந்த யாரும் போய்ச் சொல்லை எடுத்துக்கொள்ளலாம். இன்றைக்குப் போனில் நாம் தட்டுகிற தேடல் பெட்டிக்கு அது தாத்தா என்றால் தப்பில்லை.

அடுத்த திருப்பம் தட்டச்சுப் பொறி. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஆர். முத்தையாவைத் தமிழ்த் தட்டச்சுப் பொறியின் தந்தை என்பார்கள். 247 எழுத்துக்கும் தனித்தனி விசை வைத்தால் பொறியை மேசையில் வைக்க முடியாது. அதனால் எழுத்தைத் துண்டு துண்டாக அடிக்கிற முறை வந்தது. கொ வேண்டுமென்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். கௌ வேண்டுமென்றால் கொம்பு, க, அப்புறம் ள. ஆம், ஔகாரக் குறியின் வலப்பக்கத் துண்டும் ளகரமும் ஒரே மாதிரி இருப்பதால் ஒரே விசையே இரண்டு வேலையும் பார்த்தது. தாளில் அது ஒரு குறையுமில்லை. பார்ப்பது மனிதக் கண் அல்லவா? கண் சரியாகப் படித்துக்கொண்டது.

1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. பெரியார் 1935 முதல் தன் பத்திரிகையில் பயன்படுத்திய வடிவங்களை எம்.ஜி.ஆர். ஆட்சியில் அரசு ஏற்றது. யானைத் தும்பிக்கை போல் சுழித்த பழைய னை, லை எல்லாம் போய் இப்போதைய வடிவம் வந்தது. என் பழைய நோட்டுகளில் கைப்பழக்கத்தால் இரண்டும் கலந்திருக்கும். ஆனால் கணினிக்கு இது ஒரு தொல்லையே அல்ல. பழைய னை, புதிய னை இரண்டும் அதற்கு ஒரே எழுத்துதான், எழுத்துரு மட்டும் வேறு. உருவம் மாறினாலும் எழுத்து மாறவில்லை.

நம் கௌசல்யா விஷயம் இதற்கு நேர் எதிர். உருவம் ஒன்று, உள்ளே இருக்கும் எண் வேறு.

கணினிக்கு எழுத்தே தெரியாது, எண் மட்டுமே தெரியும். எந்த எழுத்துக்கு எந்த எண் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் ஒருவர் எழுதியதை இன்னொருவர் தேட முடியும். தமிழில் தொடக்கத்தில் அந்த ஒப்புதல் இல்லை. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-லேயே முரசு மென்பொருளைத் தொடங்கினார். சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவைச் செய்தார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி உழைத்தார். இப்படி ஆளுக்கொரு திசையில் நல்ல வேலை நடந்தது. ஆனால் எழுத்துருவுக்கு ஓர் எண் வரிசை. ஒருவர் அனுப்பிய கடிதத்தை இன்னொருவர் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் கொட்டும். அந்த எழுத்துரு நம்மிடம் இல்லையென்றால் அது தமிழ் என்றே தெரியாது.

இதைச் சரி செய்யத்தான் 1997-ல் சிங்கப்பூரில் தமிழ்நெட் மாநாடு கூடியது. மின்னஞ்சல் வழியே உலகத் தமிழர்கள் விவாதித்துத் தகுதரம் என்ற டிஸ்கி முறையை உருவாக்கினார்கள். 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் முதலானோர் மதுரைத் திட்டத்தைத் தொடங்கி, சம்பளமில்லாத தொண்டர்களைக் கொண்டு பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றத் தொடங்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு. அதில் தமிழ் 99 விசைப்பலகையும் டாப், டாம் என்ற இரண்டு எண் முறைகளும் பரிந்துரைக்கப்பட்டன.

இதற்கிடையில் உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு வந்துவிட்டது. அதன் முதல் பதிப்பு 1991 அக்டோபரில் வெளிவந்தது. கௌசல்யா என் வகுப்பில் உட்கார்ந்து இந்திய வரைபடம் போட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டு! இந்திய அரசின் 1988-ஆம் ஆண்டு இஸ்கி முறையைப் பின்பற்றி அதில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கினார்கள். உயிர், மெய், உயிர்க்குறி, புள்ளி இவற்றுக்கு எண் உண்டு, உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் கிடையாது. க-வின் எண் 2965. அதன் பக்கத்தில் ஔகாரக் குறியின் எண்ணாகிய 3020 வந்தால் கௌ. கொம்பு இடப்பக்கம் தெரிந்தாலும் உள்ளே க-தான் முதலில் இருக்கும்.

2010-ல் கோவைச் செம்மொழி மாநாட்டின்போது தமிழக அரசு யூனிகோடையும், உயிர்மெய்க்கும் தனி எண் தரும் டேஸ் 16 முறையையும் தரமாக அறிவித்தது. டேஸ் 16-ல் ஒவ்வோர் உயிர்மெய்க்கும் ஒரே எண்தான், இந்தத் துண்டுச் சிக்கலே எழாது என்று அதை விரும்புவோர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் உலகம் முழுதும் போன்களில் தானாக வருவது யூனிகோடு. நம் பிள்ளைகள் அடிப்பது அதில்தான்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். 1998-ல் என் பழைய நோட்டுகளை ஒரு டி.டி.பி. சென்டரில் கொடுத்து அடித்து வாங்கினேன். அங்கே இருந்தவர் தட்டச்சு படித்து வந்தவர். பழைய எழுத்துரு, பழைய விசைப் பழக்கம். கௌ என்பதற்குக் கொம்பு, க, ள என்று அடித்தார். தாளில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஓய்வு பெறும் சமயத்தில் நானே அந்தக் கோப்பை இணையத்தில் கிடைத்த ஓர் எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடுக்கு மாற்றினேன். மாற்றி என்ன செய்யும், பாவம்? ள-வைக் கண்டது, ள என்றே எழுதியது. கௌ என்பது கெள ஆகிவிட்டது. மேலே இருக்கும் இந்த இரண்டையும் உற்றுப் பாருங்கள். முதலாவது இரண்டு குறியீடு. இரண்டாவது க, எகரக் கொம்பு, ளகரம் என்று மூன்று. கணினிக்கு அது "கெள" என்றே ஒலிக்கும் வேறு சொல்.

அவர் ஒருவர் மட்டும் காணாமல் போகவில்லை என்று தேடத் தேடத் தெரிந்தது. கோமதி, சோமு போன்றவர்கள் சிலரும் இல்லை. அங்கே கோளாறு வேறு வகை. ஓகாரக் குறிக்கு 3019 என்று ஒரே எண் உண்டு. ஏகாரக் கொம்பு 3015, கால் 3006 என்று இரண்டு துண்டாகவும் எழுதலாம். இரண்டும் ஒன்றே என்று யூனிகோடு விதியே சொல்கிறது. ஆனால் செயலி எழுதுகிறவர் அந்த விதியைச் செயலியில் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் அது இரண்டையும் வேறாகவே பார்க்கும்.

மூன்றாவது வகை ஸ்ரீதர்கள். ஶ என்ற எழுத்து யூனிகோடில் 2005-ல்தான் சேர்ந்தது. அதற்கு முன் ஸ்ரீ என்பதை ஸகரத்தில் தொடங்கி எழுதினார்கள், பின்னால் ஶகரத்தில் தொடங்குவதே சரியான முறை என்றார்கள். இரண்டுக்கும் திரையில் ஒரே வடிவம். எந்த விசைப்பலகை எதை எழுதும் என்று வெளியே தெரியாது. பக்கத்து ஸ்ரீபெரும்புதூரைத் தேடினாலும் இதே கதைதான்.

மாணவன் ஒவ்வொன்றாகச் சரி செய்தான். முதலில் யூனிகோடு தரும் சீராக்கத்தைப் போட்டான். கோமதியும் சோமுவும் வந்துவிட்டார்கள், கௌசல்யா வரவில்லை. ஏனென்றால் ள என்பது உண்மையிலேயே வேறு எழுத்து, யூனிகோடு அதைத் தானாக மாற்றாது. பிறகு கெள என்று வருவதையெல்லாம் கௌ ஆக்கச் சொன்னான். கௌசல்யா வந்துவிட்டார். ஆனால் என் ஊர்க் குறிப்பில் இருந்த கெளுத்தி மீன் கெட்டுப்போனது! நடுவில் ஒரு புள்ளி வட்டத்தோடு படிக்கவே முடியாமல் நின்றது. ளகரத்துக்கு அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் அது நிஜ ளகரம், தொடாதே என்று ஒரு நிபந்தனை சேர்த்த பிறகுதான் மீன் பிழைத்தது. அன்று ஓலை படித்தவர் இடம் பார்த்துக் காலையும் ரகரத்தையும் பிரித்தாரே, அதே வேலையை இன்று நிரலுக்குச் சொல்லிக் கொடுத்தான், அவ்வளவுதான்.

இன்னொன்றும் செய்தான். நாம் தேடும் சொல்லையும் சேமித்த பெயரையும் ஒரே மாதிரி சீராக்கி ஒப்பிடும்படி வைத்தான். ஒரு பக்கம் மட்டும் திருத்தினால் போதாதாம். என் மூலப் பட்டியலில் கை வைக்காமல், தேடுவதற்கென்று தனி நகல் வைத்தான். மூலத்தைத் திருத்தாதே என்பது வரலாறு படித்தவனுக்கும் முதல் பாடம். இதைச் செய்தவன் கணக்கில் புலி, வரலாற்றில் சுமார். ஆனாலும் எனக்குப் பெருமையாக இருந்தது.

எல்லாவற்றையும் நிரல் தீர்த்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். கௌசல்யாவைக் கவுசல்யா என்று எழுதுவோர் உண்டு. கல்வெட்டில் உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம், பஸ் பலகையில் உத்திரமேரூர். நம் காவாந்தண்டலத்தையே காவான்தண்டலம் என்று எழுதிய கல்யாணப் பத்திரிகைகள் என்னிடம் இருக்கின்றன. இவை பிழை என்பதைவிடப் பழக்கம் எனலாம். அங்கே மனிதன்தான் யோசித்துத் தேட வேண்டும்.

அதனால், தேடி வரவில்லை என்றால் இப்படிச் செய்து பாருங்கள்:

1. முழுப் பெயரை அடிக்காமல் நடுவிலோ கடைசியிலோ உள்ள இரண்டு மூன்று எழுத்தை மட்டும் அடியுங்கள்.
2. இன்ஷியலை விட்டுவிடுங்கள்.
3. கௌ, கவு என்று இரு விதமாகவும் அடித்துப் பாருங்கள். ஸ்ரீ இருந்தால் அதை விட்டுவிட்டு மீதியை அடியுங்கள்.
4. அப்படியும் வராவிட்டால் ஆண்டுப் பட்டியலைத் திறந்து ஒவ்வொரு பெயராகப் பாருங்கள்.

செயலி, இணையதளம் என்று வேலை செய்யும் மாணவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நீங்கள் செய்யும் செயலியில் தேடப்படுவது ரேஷன் அட்டைப் பெயராக இருக்கலாம், பட்டாவாக இருக்கலாம், முதியோர் உதவித்தொகைப் பட்டியலாக இருக்கலாம். "இல்லை" என்று திரை சொன்னால், எதிரே நிற்கும் கிழவி அதை எதிர்த்து வாதாட மாட்டாள். திரும்பி நடந்துவிடுவாள். தமிழ்ப் பெயர்களைப் போட்டுச் சோதிக்காமல் வேலை முடிந்தது என்று சொல்லாதீர்கள். கௌரி, கோமதி, ஸ்ரீதர், இந்த மூன்று பெயரை அடித்துப் பார்த்தாலே பாதிக் குறை தெரிந்துவிடும்.

அன்றே கௌசல்யாவுக்குப் போன் செய்தேன். "அம்மா, நேத்து நான் தப்பாச் சொல்லிட்டேன். நோட்டு நனையல. உன் பேரு இருக்கு. வரைபடம் அழகாப் போடுவேன்னு எழுதி வச்சிருக்கேன்" என்றேன். பக்கத்தில் மகள் தேடிப் பார்த்து, "வந்துடுச்சும்மா, வந்துடுச்சு" என்று கத்தியது எனக்கும் கேட்டது. அடுத்த ஞாயிறு இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். நோட்டையே எடுத்துக் காட்டினேன். மகள் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டாள்.

என் வேண்டுகோள் இதுதான். இதற்கு முன் செயலியில் தேடி, பெயர் இல்லை என்று பேசாமல் விட்டவர்கள் யாராவது இருந்தால் இன்னொரு முறை தேடுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் எனக்குப் போன் செய்யுங்கள். நோட்டைப் பார்த்துவிட்டுத்தான் இந்த முறை பதில் சொல்வேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வரலாற்று வாத்தியார்,
காவாந்தண்டலம்.